பார்சல் பெயரில் வந்த குறுஞ்செய்தி: கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: ஆன்லைனில் இரண்டு பொருள்கள் ஆர்டர் செய்துவிட்டுக் காத்திருந்தேன். 'முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் கிடங்கில் நிற்கிறது. 12 மணி நேரத்துக்குள் முகவரியைச் சரிசெய்து, மறுபடி கொண்டுவருவதற்கான கட்டணத்தைச் செலுத்தவும்' என்று குறுஞ்செய்தி வந்தது. அந்தக் கூரியர் நிறுவனம் முன்பு அனுப்பிய செய்திகளுக்குக் கீழேயே வந்ததால் சந்தேகப்படவில்லை. லிங்க்கைத் திறந்து பெயர், முகவரி, போன் எண், கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் போட்டேன். ஓடிபி வந்தது. ஆனால் அந்தச் செய்தியில் தொகையே இல்லை. தயக்கமாக இருந்ததால் பக்கத்தை மூடிவிட்டேன். இதுவரை பணம் போகவில்லை. நான் தப்பித்துவிட்டேனா? அடுத்த நாளிலிருந்து கூரியர் ஆபீஸிலிருந்து பேசுகிறோம் என்று எனக்கும் அம்மாவுக்கும் அழைப்புகள் வருகின்றன. எது உண்மை, எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

சரியான இடத்தில் நின்றுவிட்டீர்கள். ஆனால் தப்பித்தாகிவிட்டது என்று இன்னும் சொல்ல முடியாது. கார்டை இதற்குள் முடக்கியிருந்தால் நல்லது. இல்லையென்றால் இதை அப்படியே வைத்துவிட்டு, வங்கியின் செயலியைத் திறந்து முதலில் கார்டை முடக்குங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் ஆகிய மூன்றும் இப்போது அவர்கள் கையில் இருக்கின்றன. ஓடிபி கேட்காமலே கார்டை ஏற்றுக்கொள்ளும் வலைத்தளங்கள் உலகில் ஏராளம். அங்கே இந்த மூன்றுமே போதும். பணம் உடனே போகவில்லை என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திருடிய கார்டு விவரங்களை மொத்தமாகச் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் வாரக்கணக்கில் கழித்தும் பயன்படுத்தலாம். இன்னொன்று: இப்படிப்பட்ட போலிப் பக்கங்கள் பல, கடைசிப் பொத்தானை நீங்கள் அழுத்தும்வரை காத்திருப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தட்ட, அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே 'பாதியில் மூடிவிட்டேன்' என்பவரும், அதுவரை தட்டியதெல்லாம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

ஓடிபி செய்தியில் தொகை இல்லை என்று தயங்கினீர்களே, அது மிக முக்கியமான கவனிப்பு. மறுபடி கொண்டுவரக் கட்டணம் என்று அவர்கள் கேட்ட அந்தச் சின்னத் தொகை அவர்களுக்கு வேண்டியதே இல்லை. நீங்கள் கார்டு எண்ணைத் தட்டிக்கொண்டிருந்த அதே நிமிடம், மறுமுனையில் ஒருவர் அந்த எண்ணைத் தன் போனில் இருக்கும் வாலட்டில் (கார்டைப் பதிந்துகொண்டு, போனாலேயே பணம் கொடுக்க உதவும் செயலி) சேர்த்துக்கொண்டிருந்திருப்பார். கார்டை வாலட்டில் சேர்க்கும்போது, சேர்ப்பவர் உண்மையில் கார்டுக்காரர்தானா என்று சரிபார்க்க வங்கி ஓர் ஓடிபி அனுப்பும். அது உங்கள் போனுக்குத்தான் வரும். அதை நீங்கள் போலிப் பக்கத்தில் தட்டியிருந்தால், உங்கள் கார்டு அவர் போனுக்குள் குடியேறியிருக்கும். பிறகு கடையில் போனைத் தட்டிப் பணம் கொடுப்பதற்கு இன்னோர் ஓடிபி தேவைப்படாது. உண்மையான கார்டு உங்கள் பையில் பத்திரமாக இருக்க, அதன் இரட்டை வேறு எங்கோ செலவு செய்துகொண்டிருக்கும்.

வங்கி அனுப்பும் அந்தச் செய்தியில், எதற்காக இந்த ஓடிபி என்று பெரும்பாலும் எழுதியே இருக்கும். 'கார்டைச் சேர்க்க', 'சாதனத்தைப் பதிவுசெய்ய' என்பது போன்ற சொற்கள் வரும். சிக்கல் என்னவென்றால், இப்போதைய போன்கள் ஆறு இலக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து விசைப்பலகைக்கு மேலே காட்டிவிடுகின்றன. செய்தியைத் திறக்காமலே தட்டிவிடலாம். இந்த வசதிதான் பலரைக் கவிழ்க்கிறது. ஓடிபி வந்தால் செய்தியைத் திறந்து முழுதாகப் படியுங்கள். கடையின் பெயரும் நீங்கள் செலுத்த நினைத்த அதே தொகையும் இருந்தால் மட்டும் தட்டுங்கள். தொகை இல்லை, கடைப் பெயர் வேறு, 'சேர்க்க' என்ற சொல் இருக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

இனி வங்கியிடம் என்ன பேசுவது என்பதைச் சொல்கிறேன். கார்டின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கே அழையுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். விளம்பரம் கொடுத்துப் போலி வாடிக்கையாளர் சேவை எண்ணை மேலே நிறுத்துவதும் இதே கும்பல்களின் வேலைதான். அழைத்ததும் மூன்று காரியங்கள் கேளுங்கள்.

முதலாவது, செயலியில் நீங்கள் செய்தது தற்காலிக முடக்கமாக இருந்தால், அதை நிரந்தரமாக ரத்து செய்து வேறு எண்ணுள்ள புதுக் கார்டு கேளுங்கள். தற்காலிக முடக்கத்தை எடுத்துவிட்டால் அதே எண் மறுபடி உயிர்பெற்றுவிடும். இரண்டாவது, 'இந்தக் கார்டு எந்தெந்தப் போன் வாலட்டுகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது? எல்லாவற்றையும் நீக்குங்கள்' என்று தனியாகக் கேளுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சில வங்கிகளில் புதுக் கார்டு வந்ததும், பழைய கார்டு இணைந்திருந்த இடங்களில் புது எண் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். வாடிக்கையாளர் சிரமப்படக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. மோசடிக்காரரின் வாலட்டும் அந்தப் பட்டியலில் இருந்தால் அவருக்கும் அதே சௌகரியம் கிடைத்துவிடும். மூன்றாவது, மாதா மாதம் பணம் எடுக்கும் அனுமதி ஏதாவது இந்தக் கார்டின் மேல் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். சில போலிப் பக்கங்களில் சின்னக் கட்டணத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் சந்தா ஒப்பந்தம் ஒளிந்திருக்கும்.

புகார் எண் வாங்கி, பேசிய தேதி நேரத்தோடு குறித்து வையுங்கள். பின்னால் பணம் போனால், நீங்கள் எப்போது தெரிவித்தீர்கள் என்பதே உங்களுக்கு இருக்கும் பெரிய பிடிமானம். அந்தக் குறுஞ்செய்தியை அழிக்க வேண்டாம். அனுப்புநர் பெயரும் லிங்க்கும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு, காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதம் கணக்கு விவரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மிகச் சிறிய தொகை ஒன்று தெரியாத பெயரில் போயிருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் சிறு தொகையை எடுத்துப் பார்ப்பது அவர்களின் வழக்கம்.

அந்தப் பக்கத்தில் ஏதாவது பாஸ்வேர்டு போட்டீர்களா? போட்டிருந்தால், அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றுங்கள். மின்னஞ்சலில் தொடங்குங்கள். அது கையைவிட்டுப் போனால் மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை எல்லாம் அதன் வழியாகவே மாற்றிக்கொள்வார்கள்.

பழைய செய்திகளுக்குக் கீழேயே வந்ததே என்று கேட்டிருக்கிறீர்கள். குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயர் என்பது கடித உறையின் மேல் கையால் எழுதும் பெயர் போன்றது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலை பல நாடுகளில் இன்னும் இருக்கிறது. போன் அந்தப் பெயரை மட்டும் பார்த்து, ஒரே பெயரில் வந்ததை எல்லாம் ஒரே இழையில் கோத்துவிடும். உண்மையான கூரியர் செய்திக்கு அடியில் போலிச் செய்தி உட்காருவது இப்படித்தான். இன்னொரு வழியும் உண்டு. கையடக்கப் போலி செல்போன் கோபுரத்தைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அது அக்கம்பக்கத்துப் போன்களைப் பழைய 2ஜி இணைப்புக்கு இறக்கி, தொலைபேசி நிறுவனத்தின் வடிகட்டியைத் தொடாமலே செய்தியைப் போனுக்குள் போட்டுவிடும். 2ஜியில் கோபுரம் உண்மையானதா என்று போன் சோதிப்பதில்லை என்பதுதான் அவர்களுக்கு வசதி. ஆண்ட்ராய்டு 12 முதல், பல போன்களில் சிம் அமைப்புக்குள் 2ஜியை அணைக்கும் பொத்தான் இருக்கிறது. உங்கள் பகுதியில் 2ஜி இல்லாமலே பேச முடியுமென்றால் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது நீங்கள் கேட்ட முக்கியக் கேள்வி: எது உண்மை, எது பொய்? வெளிப்படையாகவே சொல்கிறேன். செய்தியை உற்றுப் பார்த்து உண்மை பொய் கண்டுபிடிக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் போலி என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று போலிச் செய்திகள் பிழையில்லாமல், நிறுவனத்தின் சின்னம், நிறம் எல்லாவற்றோடும் வருகின்றன. மறுபக்கம், உண்மையான கூரியர் நிறுவனங்களே அவசர அவசரமாக, பிழையோடு, சுருக்கிய லிங்க்கோடு செய்தி அனுப்புகின்றன. லிங்க் இருந்தாலே போலி என்று சொன்னால் உண்மையான பார்சல் திரும்பிப் போய்விடும். ஆகவே செய்தியைச் சோதிக்காதீர்கள், பார்சலைச் சோதியுங்கள்.

செய்தி வந்ததா? 'எதையோ பார்க்கச் சொல்கிறது' என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுங்கள். நீங்கள் பொருள் வாங்கிய கடையின் செயலியை நீங்களே திறந்து, உங்கள் ஆர்டர் பக்கத்துக்குப் போங்கள். கூரியர் நிறுவனத்தின் பெயரும் டிராக்கிங் எண்ணும் அங்கே இருக்கும். அந்த நிறுவனத்தின் வலைத்தளத்தை முகவரிப் பட்டியில் நீங்களே தட்டித் திறந்து, அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். முகவரியில் உண்மையிலேயே குறை இருந்தால் அங்கே தெரியும். அங்கேயே சரிசெய்யலாம், கட்டணம் இருந்தால் அங்கேயே கட்டலாம். அங்கே ஒன்றும் இல்லை என்றால் செய்திக்கு வேலையே இல்லை. உங்கள் ஆர்டரில் இல்லாத பார்சலா? யாராவது அன்பளிப்பு அனுப்பியிருக்கலாம் என்று தோன்றினால் அனுப்பக்கூடியவரிடம் கேட்டு டிராக்கிங் எண் வாங்குங்கள். அனுப்புநர் யாரென்றே தெரியாத பார்சலுக்குக் கட்டணம் கட்ட வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம். செய்தியில் வந்த டிராக்கிங் எண் உண்மையான தளத்தில் சரியாகத் திறந்தாலும் அதோடு நின்றுவிடாதீர்கள். வேறு யாருடைய பார்சல் எண்ணையோ எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். போய்ச்சேரும் ஊர் உங்கள் ஊர்தானா, தேதிகள் உங்கள் ஆர்டரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து அரசு அஞ்சல் வழியாக வரும் பதிவுப் பார்சல்களின் எண்ணைக் கையாலேயே சோதிக்கலாம். உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த அமைப்பு அது. இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, ஆக 13 இடங்கள். ஒன்பதாவது இலக்கம் மட்டும் மற்ற எட்டிலிருந்து கணக்கிடப்படுவது. முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து வரும் மீதியை 11லிருந்து கழியுங்கள். விடை 10 என்றால் 0 என்றும், 11 என்றால் 5 என்றும் கொள்ள வேண்டும். 12345678 என்று எடுத்துக்கொண்டால், கூட்டினால் 204 வரும். 11ஆல் வகுத்தால் மீதி 6. ஆகவே ஒன்பதாவது இலக்கம் 5 ஆக இருக்க வேண்டும். வாய்க்கு வந்த எண்ணை அடித்து அனுப்பும் மோசடிக்காரர்கள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் கணக்குச் சரியாக வந்தால் எண் உண்மை என்று ஆகிவிடாது. கணக்குத் தப்பினால் போலி, அவ்வளவுதான் இதன் பயன். தனியார் கூரியர் நிறுவனங்களின் எண்களுக்கு இது பொருந்தாது.

லிங்க்கைப் படிக்கத் தெரிந்து வைத்திருப்பதும் நல்லது, இரண்டாவது அரணாக. போனில் லிங்க்கைத் தட்டாமல் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழு முகவரியும் தெரியும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்கு ஒட்டிய இடப்பக்கம்தான் தளத்தின் உண்மையான உரிமையாளர் இருக்கும் இடம். உதாரணமாக ஒரு நிறுவனத்தின் தளம் 'கூரியர்.காம்' என்று வைத்துக்கொள்வோம். 'கூரியர்.காம்-டிராக்.டாப்/பார்சல்' என்று வந்தால், முதலில் கண்ணில் படும் 'கூரியர்.காம்' வெறும் அலங்காரம். உரிமையாளர் 'காம்-டிராக்.டாப்'. 'காம்' முடிந்ததும் சாய்கோட்டுக்குப் பதிலாக ஒரு சிறு கோடு நுழைந்திருக்கிறது, பார்த்தீர்களா? இதுதான் பார்சல் மோசடி லிங்க்குகளில் திரும்பத் திரும்ப வரும் வடிவம். சுருக்கிய லிங்க்காக இருந்தால் இப்படிப் படிக்க வழியில்லை. களைப்பாக இருக்கும்போதும் இது தவறிப்போகும். அதனால்தான் இதை முதல் அரணாகச் சொல்லவில்லை.

பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்தத் தளமே திருடனுடையதாக இருந்தால் பூட்டு என்ன செய்யும்? தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதாலேயே குரோம் உலாவி 2023 செப்டம்பரில் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது. அதேபோல, சந்தேகப்பட்டு லிங்க்கைக் கணினியில் திறந்து பார்த்தவர்கள் வெற்றுப் பக்கம் வந்ததால் ஆபத்தில்லை என்று முடிவுகட்டுவதும் உண்டு. இந்தப் போலிப் பக்கங்கள் பல, செல்போனில் திறந்தால் மட்டுமே முகத்தைக் காட்டும்படி செய்யப்பட்டவை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பின் தெரியாத எண்ணிலிருந்தோ மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ வரும் ஐமெசேஜில் லிங்க் வேலை செய்யாது. நீங்கள் பதில் அனுப்பினால்தான் உயிர்பெறும். ஆகவே 'ஒய் என்ற எழுத்தைப் பதிலாக அனுப்பிவிட்டு, செய்தியை மூடித் திறந்து லிங்க்கைத் தட்டுங்கள்' என்று எழுதியிருப்பார்கள். உங்கள் கையாலேயே தாழ்ப்பாளைத் திறக்க வைக்கும் வேலை அது. 'நிறுத்து' என்று பதில் அனுப்புவதும் வேண்டாம். இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்று தெரிவித்ததாகவே ஆகும்.

சுங்கக் கட்டணம் கேட்டு வரும் செய்தி மட்டும் கொஞ்சம் சிக்கலானது. ஏனென்றால் அப்படிப்பட்ட கட்டணம் உண்மையிலேயே உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் 22 யூரோவுக்குட்பட்ட பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை நீக்கியது. அமெரிக்கா 800 டாலருக்குட்பட்ட பார்சல்களுக்கான விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. இப்படி விதி மாறும்போதெல்லாம் உண்மையான கட்டணச் செய்திகள் பெருகும். அவற்றின் நிழலில் போலிகளும் பெருகும். உண்மையான கோரிக்கையில் பொருளின் அறிவிக்கப்பட்ட மதிப்பு, வரி எவ்வளவு, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். நிறுவனத்தின் தளத்தில் டிராக்கிங் எண்ணைப் போட்டாலும் அதே தொகை தெரியும். தனிநபரின் கணக்குக்கோ, பரிசு அட்டை எண்ணாகவோ, கிரிப்டோவாகவோ சுங்கம் கட்டச் சொன்னால் அது சுங்கமே இல்லை.

இனி உங்களுக்கும் அம்மாவுக்கும் வரும் அழைப்புகள். உங்கள் பெயர், முகவரி, எண் மூன்றையும் அந்தப் பக்கத்தில் போட்டுவிட்டீர்கள். அம்மாவின் எண்ணையும் மாற்று எண்ணாகப் போட்டிருந்தால் அவருக்கு அழைப்பு வருவதன் காரணம் அதுதான். போடவில்லை என்றாலும் எண் கிடைப்பது கடினமில்லை. உங்கள் முகவரியைச் சொல்லிப் பேசினால் உண்மையான கூரியர்தான் என்று நம்பத் தோன்றும். அம்மாவிடம் இன்றே சொல்லி வையுங்கள்: முகவரி தெரிந்திருப்பது எதற்கும் சான்றல்ல.

இந்த அழைப்புகளில் இரண்டு வகை மிகவும் ஆபத்தானவை. ஒன்று, 'டெலிவரி பாய் வழியில் நிற்கிறார், இந்த எண்ணை டயல் செய்தால் அவரோடு இணைத்துவிடுவோம்' என்று ஒரு குறியீட்டைச் சொல்வார்கள். நட்சத்திரக் குறி இரண்டு, பிறகு 21, பிறகு நட்சத்திரம், பிறகு ஒரு செல்போன் எண், கடைசியில் # என்று அது இருக்கும். அதை டயல் செய்தால் உங்களுக்கு வரும் எல்லா அழைப்புகளும் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். வங்கியின் எச்சரிக்கை அழைப்பும், குரல் வழியாக வரும் ஓடிபியும் அவர்களுக்கே போகும். வாட்ஸ்அப்பைக் குரல் அழைப்பு ஓடிபி வழியாகத் தங்கள் போனில் திறந்துகொள்வதும் இந்த வழியில்தான். இப்போதே அம்மாவின் போனில் *#21# டயல் செய்து பாருங்கள். அழைப்புத் திருப்பம் இருந்தால் திரையில் காட்டும். ##002# டயல் செய்தால் எல்லாத் திருப்பங்களும் ரத்தாகும். ஜிஎஸ்எம் வகை இணைப்புகளுக்குப் பொதுவான குறியீடுகள் இவை. உங்கள் இணைப்பில் வேலை செய்யவில்லை என்றால் தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்யுங்கள்.

இரண்டாவது வகை அச்சுறுத்தல். 'உங்கள் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருந்தது, போலி பாஸ்போர்ட் இருந்தது' என்று பதிவுக் குரல் தொடங்கும். ஓர் எண்ணை அழுத்தச் சொல்லும். பிறகு காவல் அதிகாரி என்று ஒருவர் வீடியோ அழைப்பில் சீருடையோடு வருவார். வழக்கு எண் சொல்வார், முத்திரையிட்ட கடிதம் காட்டுவார். யாரிடமும் பேசக் கூடாது, கேமராவை அணைக்கக் கூடாது என்பார். கடைசியில், உங்கள் பணம் சுத்தமானதா என்று சரிபார்க்க ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வார். எந்தக் காவல்துறையும் பணத்தைத் தங்களுக்கு அனுப்பச் சொல்லிச் சோதிப்பதில்லை. இதில் படித்தவர்களும் பெரிய பொறுப்பில் இருந்தவர்களும் சேமிப்பு முழுவதையும் இழந்திருக்கிறார்கள். அவர்களை வீழ்த்தியது அறியாமை அல்ல, தனிமை. வீட்டில் இன்னொருவரிடம் ஒரு நிமிடம் பேசியிருந்தால் மந்திரம் கலைந்திருக்கும். அதனால்தான் யாரிடமும் சொல்லாதே என்பது அவர்களின் முதல் நிபந்தனை. அம்மாவிடம் சொல்லி வைக்க வேண்டியது: 'யாரிடமும் சொல்லாதே என்று எவர் சொன்னாலும், உடனே போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.'

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகளைப் போடச் சொன்னாலும் உடனே நிறுத்துங்கள். அவை நல்ல செயலிகள்தாம். ஆனால் உங்கள் திரையை மறுமுனையில் இருப்பவருக்குத் திறந்துவிடும் செயலிகள். பார்சலைக் கண்டுபிடிக்க உங்கள் திரையை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

'பார்சலைக் கண்காணிக்க இந்த ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) வந்தால் அதன் கதை வேறு. ஃப்ளூபாட் என்ற தீநிரல் (மால்வேர்) இப்படித்தான் பரவியது. கூரியர் செய்தி போல வந்த லிங்க்கைத் தட்டி, ஆண்ட்ராய்டு போனில் செயலியைப் போட்டவுடன், அது அணுகல்தன்மை அனுமதியை (திரையில் இருப்பதைப் படிக்கவும் இயக்கவும் விடும் அனுமதி) கேட்கும். கொடுத்தால் வங்கிச் செயலியின் மேல் போலித் திரையை விரித்து விவரங்களைத் திருடும். கூடவே உங்கள் தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கெல்லாம் அதே செய்தி போகும். 11 நாடுகளின் காவல்துறைகள் சேர்ந்து அதன் வலையமைப்பை முடக்கியதை 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் அறிவித்தது. ஃப்ளூபாட் போய்விட்டது, உத்தி போகவில்லை. அப்படி ஏதாவது போட்டுவிட்டால், முதலில் ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையையும் அணைக்க வேண்டும். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைக்க வேண்டும். பிறகு படங்களையும் எண்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, போனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப (ஃபேக்டரி ரீசெட்) வேண்டும். செயலியை மட்டும் நீக்குவது போதாது, சில தீநிரல்கள் நீக்கவே விடாது. திருப்பியபின், தீநிரல் புகுந்த பிறகு எடுத்த பேக்கப்பிலிருந்து செயலிகளை மீட்காதீர்கள். பாஸ்வேர்டுகளை வேறு சாதனத்தில் மாற்றுங்கள்.

வாசலில் நடப்பவற்றையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். யாரும் ஆர்டர் செய்யாத பார்சல், பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் முறையில் வரும். வீட்டில் இருக்கும் பெரியவர் 'பிள்ளை வாங்கியிருப்பான்' என்று பணத்தைக் கொடுத்துவிடுவார். உள்ளே ஒன்றுக்கும் ஆகாத பொருள் இருக்கும். இதற்கு ஒரு வீட்டு ஏற்பாடு போதும்: பணம் கொடுத்து வாங்க வேண்டிய பார்சல் வரப்போகிறது என்றால், ஆர்டர் செய்தவர் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாத பார்சல் வந்தால் வாங்க வேண்டாம். கொண்டுவருபவரிடம் கோபப்படாதீர்கள். பெரும்பாலும் அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. டெலிவரி ஓடிபியைப் பார்சல் கைக்கு வந்து, பெயரும் உறையும் சரி என்று பார்த்தபின் சொல்லுங்கள். போனில் கேட்டால் சொல்லாதீர்கள்.

பணமே கேட்காமல், ஆர்டர் செய்யாத பொருள் இலவசமாக வந்தால்? விற்பனையாளர் சிலர் பொய் விமர்சனம் எழுதுவதற்காக, யார் முகவரிக்காவது பொருளை அனுப்பி விற்றதாகக் கணக்குக் காட்டுவார்கள். 2020இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் யாரும் கேட்காமலே விதைப் பொட்டலங்கள் வந்து சேர்ந்தபோது, அதிகாரிகள் இந்தக் காரணத்தையே பெரிதும் சந்தேகித்தார்கள். பொருளால் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் உங்கள் பெயரும் முகவரியும் எங்கோ உலவுகின்றன என்பதற்கு அது அடையாளம். அந்தக் கடைக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, கடைக்குத் தெரிவியுங்கள். பொட்டலத்துக்குள் 'யார் அனுப்பியது என்று அறிய ஸ்கேன் செய்யுங்கள்' என்று கியூஆர் குறியீடு இருந்தால் தொடாதீர்கள். அமெரிக்க எஃப்பிஐ 2025 ஜூலையில் இதைப் பற்றித் தனியாக எச்சரித்தது. விலை உயர்ந்த போன் போல ஏதாவது வந்து, பின்னாலேயே 'தவறாக வந்துவிட்டது' என்று ஒருவர் வாசலில் நின்றால் அவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில், திருடிய விவரங்களைக் கொண்டு வாங்கப்பட்டதாக இருக்கலாம். கொடுத்துவிட்டால் கடன் உங்கள் பெயரில் நிற்கும். அனுப்பிய கடையை நீங்களே தொடர்புகொண்டு, அவர்கள் வழியாக மட்டும் திருப்புங்கள்.

பழைய பொருளை இணையத்தில் விற்பவர்களையும் இதே கூரியர் வேடத்தில் வந்து ஏமாற்றுகிறார்கள். 'பணம் எங்கள் கூரியர் கணக்கில் இருக்கிறது, பெற்றுக்கொள்ள இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள், காப்பீட்டுத் தொகை மட்டும் முதலில் கட்டுங்கள்' என்பார்கள். பணம் பெறுவதற்குக் கார்டின் பின்பக்க எண்ணோ, பின் என்ற ரகசிய எண்ணோ, ஓடிபியோ ஒருபோதும் வேண்டாம்.

இனிவரும் வாரங்களில் உங்களுக்கு இன்னோர் அழைப்பு வரலாம். 'உங்கள் புகாரைப் பார்த்தோம், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் கொடுங்கள்' என்று வக்கீல் போலவோ வங்கி அதிகாரி போலவோ பேசுவார்கள். ஒருமுறை சிக்கியவர்களின் பட்டியலும் விலைக்குப் போகிறது. உங்களுக்கு அப்படிப் பணம் போகவில்லை என்றாலும், விவரம் கொடுத்தவர் என்ற பட்டியலில் இருக்கிறீர்கள். உங்கள் புகாரின் நிலையை நீங்களே, வங்கியின் எண்ணிலும் காவல்துறையின் எண்ணிலும் அழைத்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மாவின் போனில் இன்று இரவே சில மாற்றங்களைச் செய்துவிடுங்கள். வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதி எந்தச் செயலிக்கும், குறிப்பாக வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும், இல்லாதபடி அணையுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஒரு பின் வையுங்கள். அழைப்பு வழி ஓடிபி கிடைத்தாலும் அந்தப் பின் இல்லாமல் கணக்கை உடனே திறக்க முடியாது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து, ஆன்லைன் செலவுக்குத் தினசரி வரம்பைக் குறையுங்கள். அடிக்கடி வாங்கும் கடையின் செயலியை முதல் திரையில் வைத்து, ஆர்டர் பக்கத்துக்குப் போய் டிராக்கிங் பார்ப்பதை அவர் கையாலேயே இரண்டு மூன்று முறை செய்ய வையுங்கள். நீங்கள் காத்திருக்கும் அந்த இரண்டு பார்சல்களையே அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.